இரவு ஏழரைக்கு ஒரு சிரிஞ்சுப் பால்

முதல் நாள் இரவு அந்தச் சிரிஞ்சில் இருந்தது 1 மில்லிலீற்றர். அதைப் பால் என்று சொல்லவும் முடியாது. ஒரு பங்கு பாலுக்கு 99 பங்கு தண்ணீர் கலந்தது. லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். தம்பி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல பாலே இல்லையே அக்கா" என்றான்.

அம்மா கதவடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் ஒவ்வாமை முற்றினால் ஊசியாகக் குத்த வேண்டிய அட்ரினலின் மருந்து இரண்டு அம்பியூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி), இரண்டு சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு. பசுப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 3.3 கிராம் புரதம் இருக்கும். கணக்குப் பார்த்தால் அந்தச் சிரிஞ்சுக்குள் இருந்த பால் புரதம் 0.3 மில்லிகிராம். அன்று காலைதான் கிளினிக்கில் வைத்தியரின் கண் முன்னால் அந்த அளவு வரைக்கும் படிப்படியாகக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் உட்காரவைத்துப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். அது தெரிந்தும் அம்மாவின் கை நடுங்கியது. தம்பிக்குக் கடும் பால் ஒவ்வாமை. பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வராத பொருள் அது.

நாங்கள் இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. நான் அட்டனில் ஒரு பாமசியில் நிற்கிறேன். தம்பிக்கு இப்போது பதினாறு நடந்து முடியப் போகிறது. ஓ.எல். பரீட்சை எழுத வேண்டிய வருஷம்.

அவனுக்கு எட்டு மாதமாக இருந்தபோது அம்மா மறுபடி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டி வந்தது. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விடுவதற்கு முன்னால் போத்தலுக்குப் பழக்க வேண்டும் என்று அம்மாயி பால்மா கரைத்துக் கொடுத்தார். நாலு மிடறுதான். உதடு தடித்தது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது, வாந்தி எடுத்துவிட்டுத் துணி மாதிரித் துவண்டு போனான். லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் அம்மை என்றார், வேப்பிலை கொண்டுவந்து வைத்தார்கள். இன்னொருவர் கண்ணூறு என்றார். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது: "பிள்ளைக்குப் பால் ஒத்துக்காது."

இந்த "ஒத்துக்காது" என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கத்தரிக்காய் சாப்பிட்டால் சொறிகிறது, அதுவும் ஒத்துக்காது. பலாக்கொட்டை தின்றால் வயிறு ஊதுகிறது, அதுவும் ஒத்துக்காது. தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கிறது, அதற்கும் அதே சொல். மூச்சுக்குழாய் இறுகி, இரத்த அழுத்தம் விழுந்து, அரை மணித்தியாலத்துக்குள் ஒரு பிள்ளை செத்துப் போகக்கூடியதற்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். கேட்பவர் காதில் அது சின்ன விஷயமாகத்தான் விழும். "கொஞ்சம் போல குடுத்தா பழகிரும்", "ஒரே பையன்னு செல்லம் கூடிப்போச்சு" என்று எத்தனை பேர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கெட்ட மனதோடு சொன்னவர்கள் இல்லை. ஆனால் அப்படிச் சொன்ன ஒருவர்தான், அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு பிறந்தநாள் வீட்டில் அரைத் துண்டு பால் டொபியை அவன் கையில் வைத்தார். டின்பாலில் செய்தது. அன்றைக்கு அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்த வளைவுகளை என்னால் இன்றைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும்.

"ஆட்டுப்பால் கொடுங்க" என்று சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆட்டுப்பாலின் புரதமும் பசுப்பாலின் புரதமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைத் தயிரும் அப்படித்தான். பால் குடித்தால் வயிற்றோட்டம் வருகிறவர்களின் கதை வேறு, அது லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால் வருவது. உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி விபத்து நடக்கிறது.

தமிழில் பால் என்பது எத்தனை பொருளுக்குப் பெயர் என்று தம்பியை வளர்க்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அவன் தேங்காய்ப்பாலுக்குப் பயந்தான். சித்திரை வருஷப் பிறப்புக்குப் பக்கத்துச் சிங்கள வீட்டில் இருந்து பால்சோறு வந்தால், தொடாமல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வான். அது தேங்காய்ப்பாலில் செய்தது, சாப்பிடலாம் என்று சொன்னாலும் நம்ப மாட்டான். பலாக்காய் வெட்டும்போது வடிகிற பாலைப் பார்த்துக்கூட ஒதுங்கினான். மறுபக்கம், பால் என்ற பெயரே இல்லாத இடங்களில் பால் ஒளிந்திருக்கும். பணிஸில் இருக்கும், பிஸ்கட்டில் இருக்கும், சில மாஜரீனில் இருக்கும். எடை குறைந்த பிள்ளைகளுக்கு மருத்துவ மாது கொடுக்கும் திரிபோஷ மாவிலும் சோளம், சோயாவோடு பால்மா சேர்ந்துதான் வருகிறது. பாணும் பணிஸும் விற்க வரும் சூன்பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டால் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டுக்கு ஓடுவார்கள். இவன் வாசல்படியில் உட்கார்ந்திருப்பான். சிங்களத்தில் அவன் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "கிரி அசாத்மிகயி". பால் ஒவ்வாமை என்று அர்த்தம். பத்து வயதில் கடைக்காரர் முகத்தை நேராகப் பார்த்து அதைச் சொல்வான்.

கோயில் திருவிழாதான் எனக்கு அதிகம் வலித்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பார்கள். தப்பு முழங்க மஞ்சள் சேலையில் வரிசையாகப் பெண்கள் மலையேறி வருவார்கள். ஒரு வருஷம் குடத்தில் இருந்து சிந்தியது அவன் கையில் பட்டு, பட்ட இடம் எல்லாம் தடித்துவிட்டது. அடுத்த வருஷத்தில் இருந்து அவன் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று பார்ப்பான்.

பால் ஒவ்வாமை உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. ஐந்து வயதைப் பார்த்தோம், பத்தைப் பார்த்தோம். பதினான்கில் பரிசோதித்தபோது தோல் குத்துப் பரிசோதனையில் வந்த தடிப்பு ஐந்து சத நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது. இரத்தத்திலும் பாலின் கேசீன் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ., ஒவ்வாமையைத் தூண்டும் பிறபொருளெதிரி, கூடுதலாக வந்தது. கேசீன் அடுப்புச் சூட்டில் எளிதில் மாறாத புரதம். அதனால் பல பிள்ளைகளைப் போல பேக் செய்த பிஸ்கட்டாவது சாப்பிடலாம் என்ற வழியும் அவனுக்கு இல்லை.

அப்போதுதான் கண்டிப் பக்கம் ஒரு வைத்தியர் இந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். எந்த உணவு ஆகாதோ அதையே மிகச் சிறிய அளவில் தினமும் வாயால் கொடுத்து, வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே போவது. வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "பதினஞ்சு வருஷமா கொடுக்காதீங்கன்னு சொன்னீங்களே டொக்டர், இப்ப நீங்களே கொடுங்கங்கிறீங்களே?"

அவர் பொறுமையாக விளக்கினார். நான் பாதி தமிழில் திருப்பிச் சொன்னேன், மிச்சத்தைத் தம்பி சொன்னான், விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் படித்த சொற்களை வைத்து. நம் உடம்பில் மாஸ்ட் கலங்கள் என்று சில கலங்கள் இருக்கின்றன. பால் புரதத்தை எதிரியாக அடையாளம் வைத்த ஐ.ஜி.ஈ. பிறபொருளெதிரிகள் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. புரதம் வந்து பிடிபட்டதும் கலங்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை ஒரேயடியாகக் கொட்டுகின்றன. தடிப்பு, வாந்தி, மூச்சிறுக்கம் எல்லாம் அதனால்தான். அந்தக் கலங்கள் வெடிக்காத அளவுக்குக் கொஞ்சமாக, நாள் தவறாமல் கொடுத்தால் அவை மெல்ல மெல்ல மந்தமாகின்றன. மாதக்கணக்கில் ஐ.ஜி.ஜி.4 என்ற வேறு வகைப் பிறபொருளெதிரியும் பெருகி, புரதத்தை நடுவழியில் மறித்துக்கொள்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1908இல் இங்கிலாந்தில் ஸ்கோஃபீல்ட் என்ற வைத்தியர், முட்டை பட்டாலே ஆகாத ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கு, ஒரு முட்டையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் தொடங்கி, மாத்திரையாக்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் முட்டை சாப்பிட வைத்திருக்கிறார். லான்செட் இதழில் எழுதினார். ஒவ்வாமை என்ற கருத்துக்கே 1906இல்தான் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பையனின் கதையைச் சொன்னபோதுதான் தம்பி முதல் தடவையாக, "செஞ்சு பாக்கலாம் அக்கா" என்றான். நிலக்கடலைக்கு, அதாவது நம் கச்சானுக்கு, 2020இல் அமெரிக்காவில் அங்கீகரித்த தனி மருந்துப் பொடி வந்தது. பாலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடையில் வாங்கும் பால்தான் மருந்து.

வைத்தியர் ஒன்றை மறைக்காமல் சொன்னார். இது குணமாக்குவது இல்லை. தினமும் குடிக்கும்வரை தாங்கும் சக்தி இருக்கும். நிறுத்தினால் பலருக்கு அது கரைந்துவிடும். சிகிச்சை நடக்கும் காலத்தில், ஒன்றுமே செய்யாமல் ஒதுங்கி இருப்பதைவிட அதிகத் தடவை ஒவ்வாமை வரும். சிலருக்கு உணவுக்குழாய் வீங்கி விழுங்கவே கஷ்டமாகி, நிறுத்த வேண்டி வரும். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தம்பி முகத்தைப் பார்த்தேன். அவன் ஏ.எல். படிக்க வெளியூர் போக வேண்டும், அங்கே விடுதியில் சாப்பிட வேண்டும், யாரோ கழுவிய கோப்பையில் பாலில்லாத சாயத்தண்ணி குடிக்க வேண்டும். கோப்பையில் ஒட்டியிருக்கும் பால் அவனைக் கொல்லக்கூடாது. எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

சரி என்று தொடங்கினோம்.

விதிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வெறும் வயிற்றில் கூடாது. காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் குடிக்காமல் முதலில் கிளினிக்குக்குப் போன் பண்ண வேண்டும். சரியாகத் தூங்காத நாளும் கவனம். குடித்த பிறகு இரண்டு மணித்தியாலம் ஓடக்கூடாது, மலையேறக்கூடாது, சுடுதண்ணீரில் குளிக்கக்கூடாது. இரத்தம் வேகமாக ஓடினால் தாங்கிக்கொண்டிருந்த அளவே தாங்காமல் போகும்.

மலையேறக்கூடாது என்பதைப் படித்ததும் தம்பி சிரித்துவிட்டான். எங்கள் லயத்தில் இருந்து ரோட்டுக்கு 86 படி. ரோட்டில் இருந்து பாடசாலைக்கு இன்னும் ஏற்றம். காலையில் குடிப்பது நடக்காத காரியம். பின்னேரம் டியூஷன். அப்படித்தான் இரவு ஏழரை என்று முடிவானது. பக்கத்து வீட்டுப் பசு நல்ல பால் தரும், ஆனால் மாட்டுக்கு மாடு, நாளுக்கு நாள் புரத அளவு மாறும் என்பதால் ஒரே வகைப் பக்கற் பால்தான். மிச்சத்தை அந்தப் பசுவின் கன்றுக்குக் கொடுத்தோம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளவு கூட்ட வேண்டும், அதை வீட்டில் செய்யக்கூடாது. அதனால் விடியற்காலை முதல் பஸ்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று இறங்கிக் கண்டிக்குப் போவோம். அம்மா வருகிற நாளில் அவருக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக ஆனது. அந்தத் தொகையையும் பஸ் காசையும் சாப்பாட்டையும் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பயணமும் எவ்வளவு கனம் என்று தெரியும். பிறகு நான் லீவு எடுத்துப் போக ஆரம்பித்தேன். கிளினிக்கில் அவன் குடிப்பான், நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். வாய் அரிக்கும், வயிறு பிசையும், சில நாள் வாந்தி. அடுத்த பஸ்ஸில் ஏறுவோம்.

அட்ரினலினைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் பேனா மாதிரி ஒன்று இருக்கிறது, தொடையில் அழுத்தினால் போதும். எங்கள் கைக்குக் கிடைத்தது 1 மில்லிலீற்றர் அம்பியூலும் சிரிஞ்சும். கழுத்தைப் பஞ்சு வைத்து ஒடிக்க வேண்டும், வைத்தியர் எழுதித் தந்த அளவை இழுக்க வேண்டும், தொடையின் வெளிப்பக்கத் தசையில் குத்த வேண்டும். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி செய்து காட்டினார். நான் வீட்டில் தண்ணீர் இழுத்துத் தோடம்பழத்தில் குத்திக் குத்திப் பழகினேன். பத்து நாள், நாளுக்கு ஒரு பழம்.

ஏழாம் மாதம், அளவு 60 மில்லிலீற்றரில் நின்ற காலம். ஒரு சனிக்கிழமை. காலையில் இருந்தே அவனுக்கு உடம்பு சுட்டிருக்கிறது. சொன்னால் அளவைக் குறைப்பார்கள், பின்னுக்குப் போக வேண்டும் என்று மறைத்துவிட்டான். ஏழரைக்குக் குடித்தான். எட்டு மணிக்கு முன்னால் மழை இறங்கியது. கீழே ரோட்டோரம் காயப் போட்ட விறகு நனைகிறது என்று அம்மா குரல் கொடுத்ததும் இவன் எழுந்து ஓடிவிட்டான். 86 படி இறங்கி, ஒரு கட்டு விறகோடு 86 படி ஏறி வந்திருக்கிறான்.

விறகை இறக்கி வைத்துவிட்டு உள்ளங்கையைச் சொறிந்தான். பிறகு இருமல். வறட்டு இருமல், நிற்காமல். காது சிவந்தது. "அக்கா, அது வருது" என்றான். குரல் அவனுடையதாக இல்லை, தடித்துப் போயிருந்தது. பாயில் படுக்க வைத்து, காலுக்குக் கீழே அரிசிச் சாக்கை வைத்தேன். எழும்பி உட்கார வைக்கவோ நடக்க விடவோ கூடாது, இரத்த அழுத்தம் விழுந்து இதயம் நின்றுவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்பியூலின் கழுத்து முதல் தடவை ஒடியவில்லை. இரண்டாம் தடவை ஒடிந்தது. பழத்தில் குத்தியதைவிடச் சுலபமாகத்தான் உள்ளே போனது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்துத் தோட்டத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று நிமிஷம் இருக்கும். இருமல் இடைவெளி விட்டது. ஐந்தாவது நிமிஷத்தில், "நெஞ்சு படபடங்குது" என்றான், அவனுடைய குரலில். அது மருந்தின் வேலை. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

எங்கள் லயத்துக்கு எந்த வாகனமும் வராது. நாலு பையன்கள் வந்தார்கள். கம்பளியை விரித்து, அதில் படுத்தபடியே அவனைத் தூக்கி, மழையில் ஒரு படிகூடத் தவறாமல் இறக்கினார்கள். அதில் ஒருவனுடைய அம்மாதான் செல்லம் கூடிப்போச்சு என்று அடிக்கடி சொல்பவர். அவர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இறங்கி வந்தார், ஒன்றும் பேசவில்லை. அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில பேருக்கு சில மணித்தியாலம் கழித்து இரண்டாவது தடவையும் வரும் என்பதால் இரவு முழுக்க வார்ட்டில் வைத்திருந்தார்கள். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டார். "போதும்டா சாமி. ஒம்பது வயசுல ஒரு தடவை. இப்ப நாமளே வெஷத்தக் கொடுத்துப் பாக்குறோம்." நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. காய்ச்சலைக் கேட்காமல் விட்டதும், எழும்பாதே என்று கத்தாமல் இருந்ததும் நான். வைத்தியரும் வற்புறுத்தவில்லை. தொடர்வதாக இருந்தால் தன் முன்னால் 20 மில்லிலீற்றரில் இருந்து மறுபடி தொடங்கலாம், நிறுத்துவதும் நியாயமான முடிவுதான் என்றார். ஆனால் யோசித்துக்கொண்டே நாள் கடத்த முடியாது. நாட்கள் கூடக் கூட உடம்பு மறந்துபோகும், இன்னும் கீழே போக வேண்டும்.

நாலாவது நாள் தம்பி அந்தக் கிழிந்த தாளை ஒட்டுக் காகிதம் வைத்து ஒட்டினான். அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தான்: "உடம்பு சுட்டால் சொல்லுவேன்." அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கண்டிக்கு எப்ப பஸ்ஸு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

பதினாலு மாதம் ஆகிறது. இப்போது 150 மில்லிலீற்றர். சிரிஞ்சு போய்க் கோப்பை வந்துவிட்டது. அவனுக்குப் பாலின் ருசி பிடிக்கவே இல்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்கிறான். போன மாதம் அட்டனில் கூட்டாளிகளோடு ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தேன் என்று வந்து சொன்னான். கோப்பையை யார் கழுவினார்கள் என்று அவன் பார்க்கவில்லையாம். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். நான் அன்றைக்கு வெகு நேரம் தூங்கவில்லை.

ஏழரையில் இருந்து ஒன்பதரை வரை அவன் அசையக்கூடாது என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். தொடக்கத்தில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது பேசுகிறோம். கணக்கு வாத்தியாரைப் பற்றி, அப்பா தீபாவளிக்கு வருவாரா என்பதைப் பற்றி. அம்மா மறுநாளைக்கு மா பிசைந்துகொண்டே கேட்பார், நடுவில் ஒரு வார்த்தை போடுவார்.

நாளைக்குக் கண்டி. 180க்குக் கூட்டப் போகிறார்கள். துணிப்பையைச் சரிபார்த்துவிட்டேன். அம்பியூல் இரண்டு, சிரிஞ்சு இரண்டு, பஞ்சு. வெயில் படாமல் கறுப்புத் தாளில் சுற்றியிருக்கிறது. "உடம்பு சுடுதாடா?" என்று கேட்டேன். நெற்றியை என் கைக்குக் கீழே நீட்டினான். குளிர்ந்துதான் இருந்தது.